ஆறு

ஐப்பசிக் கடைசி. விடியல.
பொதிகைப் பக்கம் கரி பூசின மாதிரி இருட்டு.
முக்கூடல்ல வச்சு, கூண்டு வண்டியில
ஏழு ஓட்டை ஏத்தினேன்.
ஆளுன்னு சொல்லல, ஓட்டுன்னுதான் சொன்னார்
ரெட்டியாரோட ஏஜெண்டு சங்கிலிபூதத்தான்:
"ஏழு ஓட்டு, சொரிமுத்து. முட்டை கணக்கா கொண்டு போ."

தீர்வை கட்டுறவுகளுக்குத்தான் ஓட்டாம்.
எனக்கு நிலமில்லை.
செவலைக்கும் மயிலைக்கும் இல்லை.
அந்த வகையில நாங்க மூணு பேரும் ஒரே கட்சி.

உள்ளே சண்டை நடக்குது.
வக்கீல் ஆவுடைநாயகம் பிள்ளை செயிச்சா
கோயில் நிலம் போச்சும்பார் ஒருத்தர்.
ரெட்டியார் வந்தா பாலம் வரும்பார் இன்னொருத்தர்.
சேலைத் திரைக்குப் பின்னால
பிரம்மநாயகி அம்மாள் வெத்திலை இடிக்கா.
புருசன் செத்த பிறகு பட்டா அவ பேர்ல,
அதனால ஓட்டும் அவ பேர்ல.

வடக்கு ஓடைச் சகதியில சக்கரம் பதிஞ்சுது.
தள்ள இறங்கினார் உரக்கடை நயினார்.
ஆரக்காலைப் பிடிச்சுக்கிட்டே என் காதுல,
"நான் பிள்ளைக்குத்தாம்டே. மூச்சு விட்டுராத."
வண்டி ஏறின பிறகு திரைக்குள்ள இருந்து மெதுவா,
"ஏய் வண்டிக்காரா,
வக்கீல் பேரு மேலே இருக்குமா, கீழே இருக்குமா?"
எழுத்தே தெரியாத என்கிட்ட கேக்கா.

ஆத்துக்கு வந்தோம்.
ஆறு இல்லை அது. செங்காவித் தண்ணி,
வேரோட ஒரு மருதமரம் மிதந்து போகுது.
படகுக்காரன் கயித்தைச் சுருட்டிட்டான்.
அக்கரையில சேரன்மாதேவி, ஓட்டுப்பெட்டி,
சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்.

"இருபது ரூபா. வண்டியை இறக்கு."
என் ஒரு வருசத்துப் பருத்திக்கொட்டை அது.
மயிலை முன்னங்காலை வச்சுது. எடுத்துது.
மறுபடி வச்சுது.
கழுத்தைத் திருப்பி என்னைப் பாத்துது.
நான் பூட்டாங்கயித்தை அவுத்துட்டேன்.

ஏழு பேரும் மணல்ல உக்காந்து
புளியோதரை தின்னாங்க. மழை நின்னுபோச்சு.
தண்ணி வடியல.

பாளையங்கோட்டையில எண்ணினாங்க.
ரெட்டியார் ஆறு ஓட்டுல தோத்தார்.
ஆத்துல தோத்தாரா, ஆறுல தோத்தாரான்னு
சந்தையில ஒரே சிரிப்பு.

கேசு நடந்துது. கூண்டுல ஏத்தினாங்க.
"பிள்ளைகிட்ட எவ்வளவு வாங்கினே?"
"ஒண்ணுமில்லை, எசமான்."
"பின்னே நீ எந்தப் பக்கம்?"
"மாட்டுப் பக்கம்."
கோட்டு போட்டவுக சிரிச்சாங்க.
நான் சிரிக்கணும்னு சொல்லல.

திரும்பி வாற வழியில, மாடு தண்ணி குடிக்கையில,
புளியங்கொட்டையை வச்சு எண்ணிப் பாத்தேன்.
இந்தப் பக்கம் ஏழு. அதுல ரெண்டைத் தூக்கி
அந்தப் பக்க ஆறோட சேத்தேன்.
அஞ்சு. எட்டு.
அக்கரை போயிருந்தாலும்
மூணு கொட்டை குறையுது ரெட்டியாருக்கு.
இதை ஒருத்தரும் கேக்கல. நானும் சொல்லல.
நயினாருக்கு உரக்கடை இருக்கு,
அம்மாளுக்குக் கொழுந்தன்மார் இருக்காங்க.

இன்னைக்கும் ரெட்டியார் கரையில நின்னு
தாமிரவருணியை வைவார்.
அது பாட்டுக்குப் போகுது.

எனக்கு வரவேண்டியது மூணே கால் ரூபா.
கேட்டா சங்கிலிபூதத்தான் சொல்லுதார்:
"போய்ச் சேரலையேடே."