கழித்தல் குறி

ஹட்டனில், ஸ்டேஷன் வீதியில்,
இரும்புக் கடைக்கு மேல்மாடி எங்கள் கந்தோர்.
கீழே தகரம் வெட்டும் சத்தம் நிற்கும்போதுதான்
ஏதாவது யோசிக்க முடியும்.
அப்படி நின்ற ஒரு நேரத்தில்
அந்தோனிராஜ் வந்து மேசையில் போட்டார்
ஒரு முழ நீளச் சம்பளத் துண்டை.

"எழுத்து நாலு விரல். மிச்சமெல்லாம் வெள்ளை.
ரோல் மூணு நாள்ல தீருது.
பெரட்டுக்களத்துல சிரிக்கிறாங்க தம்பி,
தாள் நீளம், காசு கட்டைன்னு."

பிழை என்னுடையதுதான்.
மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சுற்று,
அதற்குள் ஒரு கேள்வி: பேர் உண்டா?
உண்டென்றால் எடையை எழுது. இல்லையென்றால் விடு.
விட்டது உண்மை. ஆனால்
கேள்வியின் முடிவில் நான் தட்டிய என்டர்
கேள்வி போன பிறகும் போகாமல் நிற்கிறது.
அடைப்புக்குறிக்குள் இருப்பதைச் செய்துவிட்டு
வெளியே கிடப்பதை, அது வெறுமையே ஆனாலும்,
பவ்வியமாக அச்சுக்கு அனுப்புகிறது சேர்வர்.
என் கண்ணுக்கு வசதியாக
உள்ளே தள்ளி எழுதிய நாலு நாலு இடைவெளிகளும்
கொழுந்து மடுவம் வரை போய்ச் சேர்ந்திருக்கின்றன.

உலாவியில் பார்த்தபோது தெரியவேயில்லை.
பத்து வெற்றிடத்தை ஒன்றாக்கி விழுங்குகிற வயிறு அதற்கு.
பில் அடிக்கிற சின்ன பிரின்டருக்கு
அந்த வயிறு இல்லை.

மருந்து சின்னது.
அடைப்புக்குறியை ஒட்டி உள்ளே ஒரு கழித்தல் குறி.
இந்தப் பக்கம் வைத்தால் இந்தப் பக்க வெள்ளையைத் தின்னும்,
அந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பக்கத்தை.
எனக்குக் கோபம்.
இரண்டு பக்கமும் வைத்தேன், எல்லா இடத்திலும்.

மறுநாள் காலை போன்.
முதல் நிறுவை 9, மத்தியானம் 11, பின்னேரம் 6.
சந்திரவதனி என்பவர் ஒரே நாளில்
9116 கிலோ கொழுந்து எடுத்திருக்கிறார்.
"கைக்காசு எம்புட்டு வரும்னு கேளுங்க!"
பின்னால் ஒரு குரல்,
அதற்குப் பின்னால் மலை மாதிரிச் சிரிப்பு.

எங்கே தின்னலாம், எங்கே கூடாது என்று
ஒவ்வொரு வரியாகப் போனேன்.
எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒன்றை விட்டேன்.
இரண்டாம் கிழமை துண்டு ஒரு சாண்.
சம்பள நாளன்று பஸ் ஏறிப் போனேன்,
பிரின்டரைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு;
பாராட்டு கிடைக்கும் என்றும் ஒரு எண்ணம்.

சந்திரவதனி இரண்டு துண்டையும் கொண்டுவந்திருந்தார்,
போன மாதத்து நீளமும் இந்த மாதத்துக் கட்டையும்.

"பழசுல ஓட்டை இருந்திச்சு.
வேலைக்கு வந்த நாள்னா சின்ன ஓட்டை,
வராத நாள்னா பெருசு. விரல் வச்சு அளந்தேன்,
ஞாயிறு போக ஏழு.
நாலு நாள் மழை. ரெண்டு நாள் மகனோட
டிக்கோயா ஆஸ்பத்திரி.
ஏழாவது நாள் நான் வந்தேன் சார்.
பேர் போடாம விட்டுட்டாங்க.
இந்தப் புதுசுல நான் எதை எண்ணுறது?"

ரோல் ஒடுக்கம் என்று
தேதி போடாமல் விட்டவனும் நான்தான்.

அந்தோனிராஜ் பெரிய புத்தகத்தைத் திறந்தார்.
பதினாறாம் தேதி, பக்கம் திரும்புகிற இடம்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அரைப் பேரு போடலாம்" என்றார்.
"முழுப் பேரு" என்றார் சந்திரவதனி.
நான் பிரின்டர் வயரைச் சுற்றினேன்,
திரும்ப அவிழ்த்தேன்.

இறங்குகிற பஸ்ஸில், மடியில் கணினி,
ஒவ்வொரு வளைவிலும் விரல் வேறு எழுத்தில் விழ,
இல்லையென்றால் என்ற கிளையை எழுதினேன்:
தேதி, ஒரு இடைவெளி, ஒரு கோடு.

அதே குறிதான்.
அடைப்புக்குறிக்கு வெளியே வைத்தால்
அது எதையும் தின்பதில்லை.
வராத நாளுக்கு நேரே சும்மா கிடக்கும்.

ரோல் இனி நாலு நாளில் தீரும்.
அந்தோனிராஜ் மாடி ஏறி வருவார்.