இடப்பக்கக் கடல்

பாம்பன் பாலத்தில் மேற்கே போகும்போது
அவருக்குத் தென்கடல் இல்லை.
திரும்பி வரும்போது வடகடல் இல்லை,
கூடவே ரயில் பாலமும் இல்லை.
காலையில் பார்த்தோமே என்றால்
"காலையில இருந்துச்சு" என்கிறார்,
யாரோ மத்தியானத்தில் கழற்றிக்கொண்டு போனதுபோல.

தடைக்காலம் முடிந்த மூன்றாம் நாள்
வின்ச் கயிறு அறுந்து
வலது நெற்றிப்பொட்டில் அடித்தது.
கண்ணில் பழுதில்லை என்றார்கள் மதுரையில்.
இடப்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே
தலைக்கு மறந்துவிட்டதாம்.

பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு
இன்னும் வை என்பார்.
தட்டைத் திருப்பி வைப்பேன்.
பாதி முகத்தை மழித்துக்கொண்டு
பூசைக்குப் புறப்பட்ட ஞாயிறும் உண்டு.
சிரித்துவிட்டேன்.
அப்புறம் மிச்சத்தை நானே மழித்தேன்,
கை நடுங்க.

புதன்தோறும் ராமநாதபுரம்.
கேணிக்கரையில் ஒரு மாடியறை, ஜுலைகா என்கிற பெண்,
முகத்தை மூடும் ஒரு கண்ணாடிப் பெட்டி.
மாட்டியதும் அவருக்குள் ஒரு கடை திறக்கும்.
எங்களுக்கு அது சுவர் டிவியில் தெரியும்:
வெள்ளைக்காரன் கடை, ஈயில்லாத வெளிச்சம்.
உப்பு எடுக்க வேண்டும், பால், இரண்டு எலுமிச்சை.
வலது அலமாரியையே சுற்றிச் சுற்றி வந்தவர்
"இந்தக் கடையில உப்பே இல்லம்மா" என்றார்,
நாலு பக்கமும் உப்பு சூழ்ந்த ஊர்க்காரர்.

ஜுலைகா சத்தம் போடவில்லை.
கடையின் இடது கோடியில்
சிவப்பாய் ஒரு கோடு வரவைத்தாள்.
"சந்தியாகு அண்ணே,
கோடு தட்டுப்படுற வரைக்கும் கழுத்தைத் திருப்புங்க.
கோடு வரலேன்னா கடை முடியலேன்னு அர்த்தம்."
கலங்கரை விளக்கைச் சிலுவைக்கு நேரே வைத்து
கடலடிப் பார் எங்கே என்று சொன்ன மனுசன்
ஒரு கோட்டைத் தேடி
கழுத்தை இழுத்தார்,
சேற்றில் மாட்டிய நங்கூரம் மாதிரி.

வீட்டுக்குச் சிவப்பு இன்சுலேஷன் டேப் வாங்கினேன்.
கதவுச் சட்டம், தட்டின் ஓரம், முகம் பார்க்கும் கண்ணாடி.
மிச்சமிருந்த துண்டை
ஜெனோவா தன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு
அப்பாவுக்கு இடதுபக்கம் உட்கார்ந்து
வாய்ப்பாடு சொன்னாள்.
ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் யாருமில்லை.
எட்டில் திரும்பினார்.

ஒரு நாள் நானும் அந்தப் பெட்டியை மாட்டிப் பார்த்தேன்.
ஐஸ் மேல் மீன் கிடக்கிறது, வாடை இல்லை.
யாரும் விலை பேசவில்லை.
என் கையைத் தேடினால் அங்கே
நீல உறை போட்ட வேறு யாருடைய கையோ.
பயந்து கழற்றிவிட்டேன்.
இதற்குள்தான் நாலு மாதமாகத் தனியாக
உப்பு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

சொல்லக் கூடாது, ஆனாலும்:
தலை நன்றாயிருந்த பதினாறு வருசத்தில்
என்னைத் தேடி ஒரு தடவையும்
இவ்வளவு தூரம் கழுத்தைத் திருப்பியதில்லை.

தை பிறந்து முதல் புதன்.
பஸ்ஸில் ஜன்னலோரம் நான்,
அவருக்கு இடதுபக்கம், வழக்கம்போல.
இல்லாத பக்கத்தில் உட்காருங்கள் என்பது
ஜுலைகாவின் உத்தரவு.
உச்சிப்புளி, மண்டபம் எல்லாம் போயிற்று.
பாலம் ஏறியதும் அவர் கழுத்து நகர்ந்தது.
முன்சீட்டுக் கம்பி, கம்பியில் தொங்கிய பை,
ஜன்னலின் துரு.
எங்கும் கோடு இல்லை.
பஸ்ஸில் நான் எதையும் ஒட்டவில்லை.
ரயில் பாலத்தில் கொஞ்சம் நின்று
அதைத் தாண்டித் தண்ணீருக்குப் போனது பார்வை.

"வாடை ஏறிக் கெடக்கு.
இன்னைக்கு ஒரு பய போயிருக்க மாட்டான்."

அப்புறம் கிட்டே வந்து
என் மேல் பட்டது.

"நீ எப்ப ஏறுன?"

இரண்டு டிக்கெட்டும் என் கைக்குள் நனைந்திருந்தன.
இப்பத்தான் என்றேன்.