மேல் கோட்டுக்கு மேலே ஒரு நகம்

முதலில் பொனட்டை இரண்டு தட்டுத் தட்டவேண்டும்.
திறப்பதற்கு அல்ல.
பற்றரிக்கும் சுவருக்கும் நடுவே சூட்டுக்குப் படுத்திருக்கும்
சாம்பல் பூனை இறங்கிப் போக
அவகாசம்.

காலை நாலே முக்கால்.
கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில்
தண்ணீர்க் குழாய் மட்டும் விழித்திருக்கிறது.
வெரோணிக்கா டோர்ச் பிடிக்கிறாள்,
பார்க்கவேண்டிய இடத்தைத் தவிர
எல்லா இடத்துக்கும் வெளிச்சம் காட்டி.

ஐம்பத்திரண்டில் தொடங்கும் இலக்கத் தகடு.
அவள் அதைத் தன் வயசென்று சொல்வாள்,
ஆளைப் பொறுத்து.
பொனட்டைத் தாங்கும் கம்பி தொலைந்து ஆறு வருஷம்.
அந்த வேலையை இப்போது
ஒரு கிரிக்கெட் ஸ்டம்ப் பார்க்கிறது.

ரேடியேட்டர் மூடியை இந்த நேரத்தில்தான் திறக்கலாம்.
ஓடி வந்த கையோடு திறந்தால் என்ன ஆகும் என்று
என் இடது முழங்கையைக் கேளுங்கள்.
பச்சைத் தண்ணீர் கழுத்துவரை நிற்கிறது.
சரி.
பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால்
அரை அங்குலம் இறங்கவேண்டும்;
இறங்குகிறது.
பற்றரி முனையில் பூத்துக் கிடக்கும் நீலத்துக்கு
கேத்திலில் மிஞ்சிய சுடுதண்ணீர்.
ஹோஸ்களை ஒவ்வொன்றாய் அமுக்கிப் பார்க்கிறேன்,
மாம்பழக் கடையில் திட்டு வாங்குகிற மாதிரி.
மேல் ஹோஸ் கொஞ்சம் கூடவே பழுத்துவிட்டது.
வாற மாசம் மாற்றலாம்.
போன மாசமும் அதைத்தான் சொன்னேன்.

பிறகு ஒயில்.
துடைக்கிற துணி ஒரு தேர்தல் பனியன்.
யாருடைய முகம் என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது:
நெற்றியில் முந்தாநாள், மூக்கில் நேற்று.
கோலை உருவி, அந்த முகத்தில் துடைத்து,
திரும்பச் செருகி, திரும்ப உருவி,
டோர்ச்சை இங்கே காட்டடி என்கிறேன்.

கொப்பியில் நேற்று எழுதியிருப்பது:
இரண்டு கோட்டுக்கும் நடு.
இன்றைக்கு
மேல் கோட்டுக்கு மேலே
ஒரு நகம்.

"கூடியிருக்கா? நல்லதுதானே.
ஊத்தாமலே கூடுதென்டா காசு மிச்சம்."
வெரோணிக்காவின் கணக்கு அப்படி.
கதிரை வாடகைக்குக் கொடுக்கிற எங்கள் தொழிலில்
எண்பது போய் எண்பத்தொன்று திரும்பினால்
அவள் அந்த ஒன்றைப் பற்றி மூச்சு விடமாட்டாள்.
எனக்கோ அந்த ஒன்று
யார் வீட்டில் ஆள் நிற்கிறதோ என்று இருக்கும்.

பழைய வண்டி ஒயில் குடிக்கும், அது தெரிந்த பசி.
கொடுக்காமல் கூடுவது?
விரலில் தேய்த்தேன்; வழுக்கவில்லை, ஓடியது.
மோந்தேன்.
டீசல்.

பஞ்சிகாவத்தையில் முஸம்மில்
நித்திரையோடு போனை எடுத்தார்.
"பம்ப் சீல் போயிட்டுது போல. ஸ்டார்ட் எடுக்க வேணாம்."
மெதுவாக மட்டக்குளி வரைக்கும்?
"இல்ல. அது தன்ட ஒயிலையே குடிச்சு ஓடத் தொடங்கினா
சாவியக் கழட்டினாலும் நிக்காது."
கொட்டாவி விட்டபடி சொன்னார்,
மழை வரும் என்கிற மாதிரி.

மட்டக்குளியில் ஆறு மணிக்குப் பிரேதம் வருகிறது.
எண்பது கதிரை.
சாவி என் கையில்.
இருபது நிமிஷப் பாதைதான். நேற்றும் ஓடியது,
நேற்றும் இதே டீசல் உள்ளே இருந்திருக்கும்.
இதையெல்லாம் வெரோணிக்கா சொல்லவில்லை,
டோர்ச்சை அணைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள்.
அது அதைவிடக் கஷ்டம்.

ஆறு த்ரீவீல் பிடித்தோம்.
கதிரை அடுக்குகள் இரண்டு பக்கமும் கால் நீட்ட,
கயிறு போதாமல் அவளுடைய சால்வையும் சேர்த்து
ஊர்வலம் போல ஆமர் வீதியைக் கடந்தோம்.
அன்றைய வாடகையில் பாதி அதிலேயே போயிற்று.
கடைசி வண்டியில் மடியில் மூன்று கதிரையோடு
வெரோணிக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது
ஸ்டம்ப் அப்படியே நின்றது, மூட மறந்திருக்கிறோம்.
பூனை உள்ளே ஏறி
எஞ்சின் மேல் ஒரு காலை வைத்தது,
எடுத்தது,
வேறிடத்தில் வைத்துப் பார்த்தது.