மறுபடி அமுக்கு

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கிறது.
நெல் ஏற்றிய கூட்ஸ், பெட்டி பெட்டியாக,
எந்த அவசரமும் இல்லாமல்.
அப்போதெல்லாம் ஒரு பக்கம் இப்படித்தான் வரும்.
மேலிருந்து ஒரு கீற்று, அப்புறம் ஒரு கீற்று,
அப்புறம் எல்லோரும் சேர்ந்து காத்திருப்போம்.

ஸ்டேஷன் ரோட்டில் உரக்கடைக்கு மாடி.
மூன்று கம்ப்யூட்டர், பிளைவுட் தடுப்பு,
பூப்போட்ட திரைச்சீலை.
மணிக்கு இருபத்தைந்து ரூபாய்.
செருப்பைக் கீழே விட்டுவிட்டு வரவேண்டும்;
யூரியா வாசம் மட்டும் கேட்காமல் படியேறும்.

எனக்குப் பத்தொன்பது வயது, சம்பளம் எழுநூறு.
சாமி படத்துக்குப் பக்கத்தில் மோடம்.
சீவாளியை நனைத்து ஊதிப் பார்க்கிற மாதிரி
கீச்சிட்டு, செருமி,
ஒருவழியாகப் பிடித்துக்கொள்ளும்.
கீழே முதலாளி சம்சாரம்
தங்கையிடம் பேச ரிசீவரை எடுத்தால் போதும்,
உலகம் அறுந்துவிடும்.
"அக்கா, வச்சிடுங்க!"
நான் கத்துவது தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் கேட்கும்.

மங்கையர்க்கரசிக்குச் சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை படம்.
நெற்றி வந்தது. புருவம் வந்தது.
மூக்கு பாதியில் கரண்ட் போனது.
"இதுவரைக்கும் புடிச்சிருக்கு" என்றாள்,
பன்னிரண்டரை ரூபாயை எண்ணி வைத்தாள்,
இறங்கிப் போனாள்.
மீதியைக் கல்யாணத்தில் பார்த்துக்கொண்டாள்.

பாதி ஊருக்கு ஈமெயில் திறந்து கொடுத்தவள் நான்.
பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்பேன்.
திரைச்சீலையை இழுத்துவிட்டு, குனிந்து,
காதில் சொல்வார்கள்.
குலசாமி பெயர். செத்துப்போன பசுவின் பெயர்.
ஜெய்லானி சொன்ன பெயர்
அவன் நிக்காஹ் பத்திரிகையில் இல்லை.
எதையும் நான் நோட்டில் எழுதியதில்லை,
மறக்கவும் தெரியவில்லை.
நேற்று என் கணக்கே என்னிடம்
நீ நீதானா என்று மூன்று தடவை கேட்டது.

வைரக்கண்ணு யாருக்கும் எதுவும் எழுதியதில்லை.
சாயங்காலம் ஆறு மணி, இரண்டாம் நம்பர் நாற்காலி,
துண்டை மடியில் போட்டுக்கொண்டு,
"மேட்டூர் எத்தனை அடி?"
பக்கம் வந்து சேர ஏழெட்டு நிமிடம்.
எண்ணைச் சொல்வேன்.
கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்ப்பார்.
"மறுபடி அமுக்கு."
அமுக்குவேன். அதே எண்.
"இன்னொரு தரம், தாயி."
தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் எங்கேயோ
தட்டி நிற்கிற மாதிரி.

ஆடிப்பெருக்குக்கு அடிபம்பில் சூடம் காட்டிய வருடம்.
குறுவை இல்லை என்று ஆகி
சம்பாவும் சந்தேகத்தில் இருந்த ஒரு நாள்
லைன் கிடைக்கவே இல்லை.
அவர் எழுந்திருக்கவும் இல்லை.
வெறும் நீலத் திரையைப் பார்த்து
நேற்றைய எண்ணோடு இரண்டு அடி கூட்டிச் சொன்னேன்.

"கம்பி இல்லாமலே வந்துடுச்சா?"
சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.
அரைமணிக் காசை வைத்துவிட்டுப் போனார்.
மறுநாள் ஆறு மணிக்கு அதே நாற்காலி.
இரண்டு அடியைப் பற்றி அவர் கேட்கவில்லை,
நான் சொல்லவில்லை.

அவருக்கும் ஒரு பாஸ்வேர்டு இருந்தது:
மேட்டூர், ஒட்டினாற்போல் நூற்றிருபது.
முழு அணையையும் பூட்டி வைத்திருந்தார்
ஒரு கடிதமும் வராத பெட்டியில்.

இப்போது கேட்காமலே வருகிறது எண்,
காலை ஏழு மணிக்கு,
நகைக்கடன் விளம்பரத்துக்கு அடியில்.
காத்திருக்க ஒன்றுமில்லை.
ஸ்கூட்டியில் சாய்ந்தபடி பார்க்கிறேன்,
பார்த்த பிறகும் திரையைக் கட்டைவிரலால்
கீழே இழுத்து விடுகிறேன்,
இன்னொரு தரம்.

பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்துகிறான்.
கேட் எப்போதோ திறந்துவிட்டது.