முன் பிரேக் ஷூ, ஒரு ஜோடி

மலாபாவில் லாரிகள் எல்லை திறக்கக் காத்துக் கிடக்கும்,
இரண்டு நாள், சமயத்தில் நான்கு.
அப்படி நின்றுகொண்டிருந்த ஒன்றின் முதுகில்தான்
நான் போய் மோதினேன்.
நின்றுகொண்டிருந்தது என்பதை மட்டும்
கொஞ்சம் குரல் தாழ்த்திச் சொல்வேன்.

இன்று ஞாயிறு. வலது கால் மாவுக்கட்டில்.
எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து
என் வண்டியை நானே கழற்றுகிறேன்.
அசெகென்யே ஸ்பானர் எடுத்துத் தருகிறாள்,
மகளின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கம் கிழித்து
விலைப்பட்டியலும் எழுதுகிறாள்.
சங்கக் கடனில் பதினோரு தவணை பாக்கி.
வண்டி ஓடுகிறதா என்று
சங்கம் கேட்பதில்லை.

முன் ஃபோர்க் தூண்டில் முள்ளாக வளைந்துவிட்டது.
ரிம் அப்பளம்.
ஹெட்லைட் இருந்த இடத்தில் நான்கு ஒயர்கள்,
நிறம் நிறமாக.
மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்திருக்கிறது.
எந்த வேகத்தில் வந்தேன் என்று அது காட்டிக்கொடுக்காது.
நல்ல மீட்டர். நானூறு ஷில்லிங் போடு என்றேன்.

இன்ஜின்?
அசெகென்யே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்தாள்.
இரண்டாம் உதையிலேயே எழுந்தது.
முகம் போன வண்டி
இடுப்புக்குக் கீழே மட்டும் உயிரோடு அதிர்ந்தது.
பக்கத்துக் கொட்டகைக் கோழிகள் சிதறி ஓடின.
நிறுத்து, நிறுத்து என்றேன்.
பெட்ரோல் வீண் என்று
அவள் நினைத்திருப்பாள்.

கார்புரேட்டர் மாவு மில்காரனுக்கு.
செயினும் பல்சக்கரமும் நேற்றே போயின.
பின் ஷாக் இரண்டையும் பாதிரியாரின் டிரைவர் கேட்டிருக்கிறான்.
சீட்டை இன்னும் யாரும் கேட்கவில்லை.
பின்பாதியில் தையல்கூடப் பிரியவில்லை,
அமோங்கின் உட்கார்ந்திருந்த பாதி.
மடியில் கருவாட்டுக் கூடை வைத்திருந்தாள்.
காறையெலும்பு இரண்டாகப் போயிற்று.
ஸ்டாண்டில் தொப்பி ஏந்தி வசூலித்து
மூவாயிரத்து இருநூறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

நான் ஊன்றுகோலில் போனேன்.
பிரேக் பிடிக்கல, அமோங்கின் என்றேன்.
படுத்தபடியே சொன்னாள்:
இரும்பை யார் போய்த் திட்டுறது.

இப்போது முன்சக்கர டிரம்மைத் திறக்கிறேன்.
கரித்தூள் பறந்து மூக்கில் ஏறியது.
உள்ளே இரண்டு பிறைகள், தடித்த லைனிங்கோடு.
மார்ச்சில்தான் மாற்றினேன்.
மாற்றியது ஞாபகம் இருந்தது.
கண்ணால் பார்ப்பது வேறு.

அந்த நேரம் பார்த்து ஒகிசாய் வந்து நின்றான்.
தொப்பி ஏந்தியது அவன்தான்.
போலீஸில் எனக்காகப் பேசியதும்.
“முன் பிரேக் ஷூ வேணும். உன்னது தேஞ்சு போயிருக்குமே?”

தேய்ந்தது என்றால் காயலான் கடைக்கு, கிலோ கணக்கில்.
நல்லது என்றால் இருநூற்றைம்பது.
அசெகென்யே பென்சிலை நோட்டில் ஊன்றி
என்னைப் பார்த்தாள்.
அவளிடமும் பிரேக் என்றுதான் சொல்லியிருந்தேன்.

“இருநூற்றைம்பது” என்றேன்.

வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தான்.
கட்டைவிரல் நகத்தால் லைனிங்கை ஒருமுறை கீறினான்.
இன்னொரு முறை.
சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்து
ஒரு வண்டி நீளம் நகர்ந்து நின்றது.
அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று.

பேரம் பேசவில்லை ஒகிசாய்.
எண்ணிக் கொடுத்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
போகும்போது அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்
சின்னச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.
அமோங்கின் வீடும் அந்தத் திசையில்தான்.

அசெகென்யே எழுதினாள்:
முன் பிரேக் ஷூ, ஒரு ஜோடி. நல்ல நிலை.
நல்ல நிலை என்பதன் கீழே
ஒரு கோடு போட்டாள்.

ஹேண்டில்பாரில் இன்னும் ஒன்று மிச்சம்:
மொபைல் மாட்டும் தாங்கி.
கீறல்கூட இல்லை.
அன்று அதில் எழுபத்தெட்டாவது நிமிடம்,
ஒருவன் பந்தோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தான்.

“அது என்ன விலை?” என்றாள்.