கைமாற்று

தோர்ஸ்ஹாவ்னில் பனிமூட்டம் இறங்கினால்
படகு நிற்கும்.
படகு நின்றால் எங்கள் இணையதளமும் நிற்கும்.
இரண்டு மாதமாக அதை
ஆள் கூட்டம் என்றே நம்பியிருந்தோம்.

மொத்தம் இருபது கனெக்ஷன்கள்.
டேட்டாபேஸ் வாசலில்
இருபது சாவி தொங்கும் பலகை என்று வையுங்கள்.
வருகிற கோரிக்கை ஒன்றை எடுக்கும்,
உள்ளே போய் இருக்கை உண்டா என்று பார்க்கும்,
மாட்டிவிட்டுப் போகும்.
கண் இமைப்பதற்குள் முடிகிற கைமாற்று.
இத்தனை சின்னத் தீவுகளுக்கு
இருபது தாராளம் என்று
ஹோக்னிதான் கணக்குப் போட்டான்.
கணக்கில் பிழையில்லை.

நேற்று இரவு பதினொன்றே கால்.
ஜன்னலில் துறைமுக விளக்கைக் காணோம்.
கைபேசி அலறியது.
திரையில் நீலக்கோடு
படி படியாக ஏறி
இருபதைத் தொட்டு
அப்படியே படுத்துக்கொண்டது.
டேட்டாபேஸோ
வேலையே இல்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

"ஐம்பதாக்கு" என்றான் ஹோக்னி,
கோபன்ஹேகனில் ஏதோ விடுதி அறையிலிருந்து,
பாதித் தூக்கத்தில்.
ஆக்கினேன்.
பதினொரு நிமிடம் தாங்கியது.
"நூறு?"
"ஓட்டைக் குடத்தில் எவ்வளவுதான் ஊற்றுவது?"
அவன் பதில் சொல்லவில்லை.
குறட்டை கேட்டது.

வெளியே வரிசையில் நானூற்றுப் பதினாறு பேர்.
முப்பது விநாடி நின்று பார்த்துவிட்டு
ஒவ்வொன்றாய் மடிந்தன கோரிக்கைகள்.
அதில் ஒரே முன்பதிவு எண்
திரும்பத் திரும்ப வந்தது. நாற்பத்தேழு முறை.
துரீத் என்று பெயர்.
பெரியவர் ஒன்று, நாய் ஒன்று,
காலை ஏழு மணிப் படகு.

எதற்குப் போகிறாள் என்று
எந்த அட்டவணையிலும் இல்லை.

யார் கையில் இருக்கின்றன என் சாவிகள்?
ஒவ்வொன்றாகக் கேட்டேன்.
எல்லாம் ஒரே இடத்தைக் காட்டின:
பயணம் ரத்தா என்று பார்க்கிற துண்டு நிரல்.
எட்டாம் வரியில்,
ரத்து என்றால் இங்கேயே திரும்பிவிடு.
பதினான்காம் வரியில்,
கனெக்ஷனை மூடு.
எட்டில் திரும்பியவை
பதினான்கைப் பார்த்ததே இல்லை.
சாவியை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டன.

படகு ஓடும் நாளில் அந்த வழியில் யாரும் போவதில்லை.
எங்கள் சோதனைகளிலோ
எல்லாப் படகுகளும்
நேரம் தவறாமல் புறப்பட்டுக்கொண்டிருந்தன.

எழுதியது யார் என்று கேட்டேன்.
ரன்வா, என்றது திரை.
மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை, மாலை நாலே முக்கால்.
சமையலறைக்குப் போய்
தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மாற்றியது மூன்றே வரி.
நல்லபடி முடிந்தாலும், நடுவில் முறிந்தாலும்,
போகுமுன் மாட்டிவிட்டுப் போ.
ஏற்றினேன்.
நீலக்கோடு மூன்றுக்கு விழுந்தது,
நான்கு, இரண்டு, மறுபடி மூன்று.
ஐம்பதைப் பழையபடி இருபதாக்கினேன்.

அறிக்கையில்
காரணம்: பனிமூட்டம் என்று எழுதி
அழித்தேன்.

ஒன்று நாற்பதுக்கு
நாற்பத்தெட்டாம் முறையாக வந்தாள் துரீத்.
உடனே திறந்தது பக்கம்:
ஏழு மணிப் படகு ரத்து.
இரண்டு நிமிடம் அந்தப் பக்கத்திலேயே இருந்தாள்.
அவள் சாவி எப்போதோ
பலகைக்கு வந்துவிட்டிருந்தது.