ஒன்றிலிருந்து பத்து வரை

கேள்வி ஏழு:
"கம்பெனியை எவ்வளவு நம்புகிறீர்கள்?
ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்."
கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை,
வீட்டுக்குப் பதினொரு டாலர் எனக்கு.
மேற்கு வர்ஜீனியாவில்
இரண்டு மலைகள் தோளிடித்து நிற்க
காலை பத்துக்குமேல்தான் வெயில் இறங்கும் பள்ளத்தாக்கு.

டென்சில் எஸ்டெப், மூக்கில் ஆக்சிஜன் குழாய்.
"எந்தக் கம்பெனி?" என்றார்.
புதிது, ஐயா. நிலக்கரி இல்லை.
கணினிகளை அடுக்கிவைக்கும் கிடங்கு.
"எல்லாம் அவன்தான்."
அது இல்லை, அவன்.
வந்தான், தோண்டினான்,
மூன்று தரம் பெயரை மாற்றிக்கொண்டான்,
திவால் என்று கையை விரித்தான்,
பென்ஷனைக் குழிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனான்.
இதைச் சொல்லி முடிக்க
நடுவில் நான்கு தடவை நிறுத்தி
மூச்சு வாங்கிக்கொண்டார்.
'பதில் இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டேன்.

கார்னெட் மல்லின்ஸ் வண்டிச் சாவியை மேசையில் எறிந்தாள்.
வளையத்தில் ஒரு பித்தளை வட்டு,
நடுவில் துளை.
அந்தக் காலத்துச் சம்பளம் என்றாள்,
கம்பெனிக் கடையைத் தாண்டினால் செல்லாதாம்.
பிறகு குழாயைத் திறந்து
ஒரு தம்ளர் பிடித்து என் முன்னால் வைத்தாள்.
"சுத்தம் என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். குடி."
தம்ளரைப் பார்த்தேன்.
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.
"சரி," என்றாள்,
"இப்போது நீ என்ன எண் போடுவாயோ
அதையே எனக்கும் போட்டுக்கொள்."

தேவாலயத்துக்குப் பின்னால்
சிறுமிகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள்:
ஒண்ணாம் வண்டி ரெண்டாம் வண்டி
அப்பன் வெட்டின மூணாம் வண்டி
தராசுக்காரன் கண்ணுக்கு மட்டும்
அரை வண்டி அரை வண்டி
தராசுக்காரன் யார் என்று கேட்டேன்.
தெரியாது.
என்ன வண்டி?
அதுவும் தெரியாது.
ஆனால் 'அரை'யில் கால் தடுக்கினால் அவுட்.
அதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

கர்ட்டிஸ் லேசி வாசலிலேயே நிறுத்திவிட்டார்.
"பத்து" என்றார்,
நான் கேள்வியை வாசித்து முடிக்குமுன்.
"பெயரையும் சேர்த்து எழுது. எழுத்துப்பிழை இல்லாமல்.
மகன் விண்ணப்பம் போட்டிருக்கிறான்."
என் அடையாள அட்டையை
இரண்டு முறை படித்தார்.
அன்றைக்கு நான் கேட்டவற்றிலேயே
பயந்த குரல் அதுதான்.

நாற்பத்தொரு வீடு.
எண் சொன்னவர்கள் ஆறு பேர்.
எண்ணாக மாறாத எதையும்
மென்பொருள் தானே கழித்துவிடும்:
நான்கு மூச்சையும்,
குடிக்காத தண்ணீரையும்.
சராசரி எட்டரை.
'பகுதி மக்கள் திட்டத்தை அன்புடன் வரவேற்கிறார்கள்'
என்ற வரியை நான் எழுதவில்லை.
படிவத்தில் முன்பே இருந்தது,
எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு.

அடுத்த வாரம் என் கூலி வந்தது.
பணமாக இல்லை, ஓர் அட்டையாக.
பளபளப்பு. என் பெயர்கூட அச்சிட்டிருந்தார்கள்.
பின்பக்கம் எறும்பெழுத்தில்:
எங்கள் கடையில் மட்டுமே செல்லும்.
சமையலறை விளக்கடியில்
கட்டைவிரலால் நடுவில் தடவிப் பார்த்தேன்.
துளை மட்டும்தான் இல்லை.